மணல் நகரும் கரை

திருச்செந்தூரிலிருந்து உவரி வழியாகப் போகும் பேருந்தில் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இடப்பக்கச் சன்னலோரம் இடம் பிடிப்பவர்கள், குலசேகரன்பட்டினம் தாண்டுவதற்குள் ஏமாந்துபோவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்பது பெயர்தான். வழியெல்லாம் பனை, உடைமரம், சிவந்த மண். கடல் எப்போதாவது ஒரு கீற்றாகத் தெரிந்து மறையும். ஊர்கள் சாலையை விட்டுக் கிழக்கே விலகி, தண்ணீரை ஒட்டிக் கிடக்கின்றன. நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடப்பவர் நுழைவது ஊரின் கொல்லைப்புறம். தலைவாசல் எப்போதும் கடல் பக்கம்தான் இருந்திருக்கிறது.

இந்தக் கரையை ஆவணங்கள் முத்துக்குளித்துறை என்கின்றன. 1530களின் நடுவில், முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டைகளில் நெருக்கப்பட்ட பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள். ஊர் ஊராகத் திருமுழுக்கு பெற்றார்கள். இன்றும் கடைப் பலகைகளிலும் கல்லறைகளிலும் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, டி குரூஸ் என்று படிக்கலாம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இந்த ஊர்களுக்கிடையே மணலில் நடந்து திரிந்தார். 1544இல் மணப்பாட்டிலிருந்து அவர் தம் உடன்பணியாளருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. வடக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்து உழைத்த அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்ககால நூல்களுள் ஒன்றுக்குப் பின்னால் இப்படியொரு மீனவக் குடியிருப்பு நிற்கிறது. இவற்றைக் குக்கிராமங்கள் என்று எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். சாலைக்குத்தான் இவை கடைசி ஊர்கள்.

மணப்பாட்டுக்கு முதலில் போவது நல்லது, ஏனென்றால் இந்தக் கரை எப்படி இயங்குகிறது என்பது அங்கேதான் ஒரே பார்வையில் விளங்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பலொன்றின் தலைவர் உயிர் பிழைத்தால் சிலுவை நடுவதாக நேர்ந்துகொண்டு, முறிந்த பாய்மரத்தில் அதைச் செய்து இந்தக் குன்றில் நட்டார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. ஆலயம் 1581இல் எழுந்தது. குன்றின் கடல் பக்கத்துச் சரிவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு. அலையடிக்கும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே தனித்து நிற்கிறது. அதிசயம் என்று கைகூப்புகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லி வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. இரண்டும் உண்மைதான்.

குன்றின் மேல் நின்று வடக்கே பாருங்கள். வளைந்து உள்வாங்கிய குடா, அமைதியான தண்ணீர், கருமேனியாறு கடலைத் தேடிவரும் இடத்தில் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும் மணல்திட்டு. தெற்கே திரும்பினால் அதே கடல் வேறு முகத்தோடு முட்டி மோதிக்கொண்டிருக்கும். வைகாசி, ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அலையைச் சாய்வாகக் கரையில் மோதவைக்கிறது. மோதும் அலை மணலை அள்ளி வடக்கே தள்ளுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். போனதெல்லாம் வராது. குன்று குறுக்கே நிற்பதால் அதன் மறைவில் மணல் தேங்கித் திட்டாகிறது. படம் எடுக்க வருபவர்களுக்கு அந்தத் திட்டுதான் மணப்பாடு. மணிரத்னத்தின் ‘கடல்’, சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ இரண்டுக்குமான படப்பிடிப்பு இந்த ஊர்ப்பக்கம் நடந்திருக்கிறது. படகுக்காரர்களிடம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். திட்டு வளர வளர, படகு உள்ளே வந்து போகும் வழி ஆழம் குறைகிறது. அலைச்சறுக்குப் பலகையோடு வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள் எந்தக் காற்றை மெச்சுகிறார்களோ, அதே காற்றைப் பார்த்துவிட்டு நாட்டுப்படகுக்காரர் அன்றைக்கு வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

காற்று மணலைக் கடலோரத்தோடு விட்டுவிடவில்லை. ஊர்களுக்கு மேற்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கமெல்லாம் செம்மணல் மேடுகள். தேரி என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று காலங்காலமாக வாரிக்கொண்டுவந்து கொட்டியது. மணல்துகள்களின் மேல் படிந்த இரும்புச்சத்துதான் நிறத்துக்குக் காரணம். பெய்யும் கொஞ்ச மழையையும் தேரி குடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் மழை குறைந்த இந்தப் பக்கத்தில் பனை நிற்கிறது, முருங்கை காய்க்கிறது. பதனி இறக்கும் மாதங்களில் உடன்குடிப் பக்கம் போனால் ஓலைப்பட்டையில் ஊற்றித் தருவார்கள். விடியற்காலையில் குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் பனையேற ஆள் கிடைப்பதில்லை. சந்தையில் சர்க்கரை கலந்த கருப்பட்டியும் அதே பெயரில் விற்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பனைவெல்லத்தை நம்பி பாரி நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலையே நடத்தியது. அதற்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் சிறு ரயில் ஓடியது. 1940 வாக்கில் அதுவும் நின்றது.

குலசை என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் தசரா. முத்தாரம்மனுக்கு விரதமிருந்து காளி, குரங்கு, போலீஸ்காரர், குறவர் என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து, சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் வந்து குவிவார்கள். அந்த நாட்களில் ஊரைப் பார்க்க முடியாது, கூட்டத்தைத்தான் பார்க்கலாம். இப்போது இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் வருகிறது. இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. இங்கிருந்து தெற்கே நேராகச் செல்லலாம், எதிரே திறந்த கடல். சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்த மிச்சம் பெரிது. ஆனால் விஞ்ஞானிகள் திறந்த கடல் என்று வரைபடத்தில் காட்டும் இடம் இங்குள்ளவர்களுக்கு வலை விரிக்கும் இடம். ஏவும் நாட்களில் எத்தனை நேரம், எவ்வளவு தூரம் தடை இருக்கும் என்பதுதான் இந்தக் கரையில் ராக்கெட் பற்றிய முதல் கேள்வி.

தெற்கே போனால் தூத்துக்குடி மாவட்டத்தின் எல்லையோரம் பெரியதாழை. இந்த ஊரிலும் இதை அடுத்த ஊர்களிலும் அதிகம் காதில் விழும் சொல் தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் கல்லடுக்கி நீட்டும் தடுப்பு. போட்டுவிட்டால் தென்பக்கம் மணல் சேரும், கரை அகலும், படகு நிறுத்த வசதியாகும். வடக்கே இருக்கும் ஊருக்கு வரவேண்டிய மணல் அதில் நின்றுவிடும். அங்கே கடல் வீட்டுச் சுவரைத் தொட ஆரம்பிக்கும். உடனே அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்டுப் போராட உட்காரும். “அங்க கல்லு போட்டா இங்க மண்ணு போவும் அண்ணாச்சி, இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்” என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். அதோடு, “அதுக்காக நாங்க போடாம இருக்க முடியுமா?” என்றும் கேட்டார். ஊர் ஊராகத் தனித்தனியே கல் கொட்டுவதைவிட, கரை முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டுத் திட்டம் போடுவதுதான் முறை. இது அதிகாரிகளுக்கும் தெரியாததல்ல. ஆனால் சுவர் இடியும் வீட்டுக்காரரிடம் பத்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச யாருக்கு முகம் வரும்? கடற்கரை மணலைத் தாதுக்காக அள்ளிய கதை தனி. 2013இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

உவரியில் மணலைச் சுமப்பது நேர்த்திக்கடன். சுயம்புலிங்க சுவாமி கோயிலில், பக்தர்கள் கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் மணலை அள்ளித் தலையில் சுமந்துவந்து கரையில் குவிப்பார்கள். சற்றுத் தள்ளி அந்தோணியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். இன்னும் தள்ளி, கப்பல் வடிவில் கட்டி மேலே விமானத்தையும் வைத்த கப்பல் மாதா ஆலயம். அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடலோடிகளின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் தோன்றவில்லை. ‘ஆழி சூழ் உலகு’ எழுதிய ஜோ டி குரூஸ் இந்த ஊர்க்காரர். அவருடைய ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பயணத்துக்கு முன் எதையாவது படிப்பதென்றால் முதல் நாவலைப் படியுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இந்த மக்கள் வைத்திருக்கும் சொற்களில் பாதி அதில் கிடைக்கும்.

இருந்து வாழ்வது வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகலாம், காற்று விட்டால். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் யாரும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குப் போவார்கள். மீன் பாடு நன்றாக இருந்தால் காலை ஏலத்தில் ஊரே கரையில் நிற்கும். சாளைக்கும் சூரைக்கும் விலை கேட்கும் பெண்களின் குரலுக்கு முன் வியாபாரிகள் எடுபடுவதில்லை. இளைஞர்களில் பலர் இப்போது வணிகக் கப்பல்களிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். முன்பு கொழும்பு. மணப்பாட்டுத் தெருக்களில் உயரமான தூண்களும் அகன்ற திண்ணைகளுமாக நிற்கும் பெரிய வீடுகள் அந்தக் காலத்து வியாபாரப் பணம். பல வீடுகள் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டித் திறக்கும். தூத்துக்குடி, சென்னை, வெளிநாடு என்று போனவர்கள் வந்து சேர்வார்கள்.

அந்தச் சமயத்தில் போனால் ஊர் முழுசாக இருக்கும், ஆனால் சொந்தக்காரர் இல்லாதவருக்குப் படுக்க இடம் கிடைப்பது சிரமம். தனியாகப் போகிறவர்கள் தை, மாசியில் போகலாம். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் கிளம்பினால் ஏலத்துக்குள் வந்துவிடலாம். கரையில் மலங்கழிக்கும் இடம் எது, வலை காயும் இடம் எது என்று பார்த்து நடங்கள். காயும் வலையைத் தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். ஏலத்தில் நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மீன் வாங்குவதாக இருந்தால் பையைக் கையோடு கொண்டுபோங்கள்.