நாலு மில்லியம்பியர்

எங்கட வீட்டில எஞ்சினியராக வரவேண்டியவர் அண்ணாதான். ஏ.எல். மெத்ஸில் இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைந்ததால் பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாகக் கட்டாருக்குப் போனார். ஏழு வருசமாகிறது.

அண்ணா என்ன வேலை என்று கம்பஸில் யாரும் கேட்டால், "ஒயில் கம்பனியில" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

போன முறை லீவில் வந்தபோதுதான் கேட்டேன்.

"தாங்கிக்குள்ள எவ்வளவு நிக்குது எண்டு கொன்ட்ரோல் ரூமில இருக்கிறவனுக்குக் கண்ணால தெரியாது. நாங்கள் பூட்டுற கருவி சொல்லுறதைத்தான் அவன் நம்புவான். மட்டம், அழுத்தம் எல்லாம் 4 இலிருந்து 20 மில்லியம்பியர் வரைக்கும் கரண்டாப் போகும். தாங்கி வெறுமையா இருந்தாலும் 4 போகோணும்."

"ஏன், பூச்சியத்தில தொடங்கினா என்ன?"

"பூச்சியம் எண்டா வயர் அறுந்திட்டுது. தாங்கியில ஒண்டுமில்லை எண்டுறதும், செய்தியே வரேல்லை எண்டுறதும் ஒண்டில்லையே."

2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பிக்கொண்டிருக்க, கருவி மட்டம் குறைகிறது என்று காட்டியதாம். வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். அதே டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் அளவுமானி இறுகிப்போய், காவலுக்கு இருந்த சுவிட்சும் வேலை செய்யாமல், பெற்றோல் வழிந்து வெடித்தது.

அண்ணாவிடமும் ஒருமுறை, வேலை நிற்கக்கூடாது என்று, அனுமதிப் பத்திரமில்லாமல் ஒரு பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தார். வேறு ஒருவரை வைத்துச் செய்தார்கள். "டெக்னீசியன் பிழை எண்டு சொல்லலாம். நிப்பாட்டுற கையெழுத்து எஞ்சினியர்ட." அதனால்தான் இரவில் ஒன்லைனில் பொறியியல் டிகிரி படிக்கத் தொடங்கினாராம்.

மிச்சத்தை அம்மாதான் சொன்னா. என்ர போடிங் காசுக்காக இரண்டு தவணை படிப்பை நிறுத்தி வைத்தவராம். நான் ஒவ்வொரு கிழமையும் கதைத்தேன். "ஓம், சுகம்" என்பார். நானும் சுகம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்குத் தமிழ் ரியூசன் கொடுக்கிறேன். போடிங் காசில் பாதியாவது வருகிறது. முந்தநாள் அண்ணா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அடுத்த தவணைக்குப் பீஸ் கட்டிய ரசீது.