சித்திரை மணலில் ஒரு குறிப்புப் புத்தகம்

பட்சி பார்க்கிறவர்களுக்கு மார்கழியும் தையுந்தான் பண்டிகைக் காலம் என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எங்கள் தனுஷ்கோடிக் கரையைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல. கோதண்டராமர் கோயிலைச் சூழ்ந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து இறங்கும் நாட்களில், பெரிய பெரிய காமிராக்களும் அவற்றைச் சுமக்கும் மனிதர்களும் வெளியூர்களிலிருந்து வந்து சேருகிறார்கள். 2025-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் இவ்விடத்தைப் பூநாரைச் சரணாலயமாக்கியதும் அந்த விருந்தாளிகளை உத்தேசித்துத்தான்.

சித்திரை பிறந்ததும் பந்தல் பிரித்த கல்யாண வீடு போல் ஆகிவிடும். பூநாரைகளில் பெரும்பாலானவை போய்விடும், காமிராக்களும் மறைந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் குறிப்புப் புத்தகத்துடன் நடக்கிறவன் அநேகமாக நான் ஒருவனே.

எஞ்சியிருக்கும் உள்ளான்களைப் பார்க்க வேண்டுமானால் இதுதான் சமயம். மாசி வரையில் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோல் தோன்றிய கூட்டத்தில், வளைந்த மூக்குடையவை செங்கல் நிறமாக மாறியிருக்கும். சைபீரியாவின் வடகோடியில் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு இங்கேயே புதுப் புடைவை உடுத்திக் கொள்கின்றன போலும்! ஒரு வாரம் இருக்கும். மறு வாரம் இராது.

போகாமல் இருப்பது உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிதான இந்த மணல் நிறப் பட்சியை, அயல்நாட்டிலிருந்து வருகிற ஓர் இனத்தின் கிளை என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் இது தனி இனமே என்று 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்து, ஹனுமான் உப்புக்கொத்தி என்று வழங்கலானார்கள். சேதுவின் இரு கரையிலும் குடியிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இதன் வீடு மணலில் ஒரு சிறு குழி; அவ்வளவுதான். அதில் இரண்டு மூன்று முட்டை. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று படித்திருக்கிறோம். சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிரான வேலை! தாய்ப்பட்சி நிழல் கொடுத்து நிற்கிறது. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. நாம் அருகில் நின்றால் அத்தனை நேரமும் முட்டை வெயிலில் காய்கிறது. ஆகவே கூட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு விலகிவிடுவேன்.

ஆனால் பள்ளிக்கூட விடுமுறை வருவதும் இதே மாதங்களில்தான். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வண்டிகள் பெருகிவிட்டன. சாலையில் போனால் குற்றமில்லை. சில வண்டிகள் மணலில் இறங்கி விளையாடுகின்றன.

“பூநாரை எல்லாம் போயிருச்சே, இன்னும் என்னத்தை சார் எண்ணுறீங்க?” என்று கேட்டார், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அவருக்கும் கரையில்தான் வாசம். குழியைத் தூரத்திலிருந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். “அட, கல்லுன்னுல்ல நெனச்சேன்!” என்றார்.

எண்ணியதையெல்லாம் நேரத்தோடும் நடந்த தூரத்தோடும் ஈபேர்ட் என்னும் உலகப் பொதுப் பேரேட்டில் சேர்த்துவிடுகிறேன். இவ்விதம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டுதான், 2023-இல் வெளியான அறிக்கை நம் தேசத்துப் பட்சிகளில் 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தது. அவர்களில் பலருக்குக் கோடையில் வீட்டு நிழல் பிடித்துவிடுகிறது என்பது என் சந்தேகம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் நான் எவருக்கும் எழுதுவதில்லை.

அந்த ஒரு குழியைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பது இது:

சித்திரை 9. முட்டை மூன்று.

சித்திரை 16. முட்டை மூன்று. வண்டித் தடம், ஒரு முழ தூரத்தில்.

சித்திரை 23. முட்டை மூன்று. தாயின் வயிறு நனைந்திருந்தது. வண்டி இறங்கும் வழியில் யாரோ பழைய வள்ளத்தின் பலகைகளைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.

சித்திரை 30. முட்டை இல்லை. ஓடும் இல்லை. குஞ்சு கண்ணில் படவில்லை.

பொரித்த ஓட்டைத் தாயே தூக்கிச் சென்று எறிந்துவிடும். குஞ்சுகள் சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். காக்கையோ நாயோ கொண்டுபோனாலும் குழி இப்படித்தான் கிடக்கும். “பொரித்தது” என்று எழுதக் கை துடித்தது, எழுதவில்லை. வலைக்கார நண்பர், “பொரிச்சிருக்கும் சார், பாருங்க” என்றார். அதையும் எழுதவில்லை.

வைகாசி 6. சின்ன ஆலா பதினொன்று. ஆட்காட்டி இரண்டு. உப்புக்கொத்தி ஒரு ஜோடி. பலகைக்கு இப்பால், ஆண் மணலைக் காலால் சீய்த்துக்கொண்டிருந்தது.