நகரும் சுரங்கமும் நிரந்தரப் பட்டாவும்

திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்பக்கம் வெட்டிக்கொண்டே போகும், பின்பக்கம் மூடிக்கொண்டே வரும். நெய்வேலியில் 1957 மே 20 அன்று நேரு தொடங்கி வைத்த வெட்டு வெகுதூரம் நகர்ந்துவிட்டது. எந்த ஒரு ஏக்கரும் சுரங்கத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரைதான் தேவை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஏக்கரின் பட்டா ஒரேயடியாக மாற்றப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுற்றி எழும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நிலத்தை வாங்குவதற்குப் பதில் குத்தகைக்கு எடுத்து, மூடிய பின் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்பதற்கு வேலையின் உள்ளிருந்தே விடை உண்டு. நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறத்தாழ ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அதில் உள்ள கடலூர் மணற்கல் மிகவும் இறுகியது. வெடி வைத்துத் தளர்த்தாவிட்டால் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்கள் தேய்ந்துபோகும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. 1930களில் நெய்வேலி நிலவுடைமையாளர் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் நீரோடு கரும்பொருளை மேலே கொண்டுவந்ததும் அந்த அழுத்தம்தான். இரவு பகலாகப் பம்ப் ஓடி அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து எழும். இவற்றுக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஒரு முடிவு இருக்கிறது: மேல் பெஞ்சில் (வெட்டின் மேல்படியில்) வெட்டிய மண்ணை எந்த கன்வேயரில் விட்டு, மண்ணைக் கொட்டும் எந்த ஸ்ப்ரெடருக்கு அனுப்புவது? உச்சியில் கொட்டும் ஸ்ப்ரெடருக்கு அனுப்பினால் பயிர் விளையும் மண் மறுபடி மேலே வந்து சேரும். அவசரத்தில் கீழ்ப் பெஞ்சுக்கான ஸ்ப்ரெடரில் விட்டால் அந்த மண் மணற்கல்லுக்கு அடியில் புதைந்துவிடும், பிறகு எந்த இயந்திரத்தாலும் அதைத் தனியே மீட்க முடியாது. நிலத்தைத் திருப்பித் தரும் கடமை இல்லாத இடத்தில் இந்த அக்கறை ஒரு ஷிப்ட் அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. கடமை இருந்தால் அது உற்பத்திக் கணக்கின் பகுதியாகிவிடும்.

சுரங்கத்தின் உடைமை பற்றி நம்மூரில் பேச்சு எழும்போதெல்லாம் அது பங்குகளைப் பற்றிய பேச்சாகவே இருந்திருக்கிறது. 2006இல் நெய்வேலி நிறுவனத்தின் பத்து சதவீதப் பங்கை விற்கும் திட்டம் எதிர்ப்பால் நின்றது. 2013இல் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டன. 2024 மார்ச்சில் மறுபடி பங்கு விற்பனை நடந்தது. பொதுத்துறையைக் காக்கத் தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டம் நியாயமானது. ஆனால் நிலம் கொடுத்தவர்கள் அந்தப் பங்குப் பதிவேட்டில் எப்போதுமே இடம்பெற்றதில்லை. சட்டம் பறிக்காத வரை அடிநிலக் கனிமம் பொதுவாக நில உடைமையோடு சேர்ந்தது என்று 2013இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருக்க, மேலே விளையும் நிலத்தைக்கூடத் திரும்பக் கேட்க முடியாதபடி ஒரு விவசாயியை வெளியேற்றுவது எந்தக் கணக்கில் சரி?

குத்தகை என்றாலே பொறுப்பு நழுவும் என்பார்கள். அதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றில் நிலக்கரி ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது, வெட்டியது குத்தகைக்கு எடுத்த இன்னொரு கம்பெனி. 1959 ஜனவரியில் அப்படிக் குத்தகைக்கு எடுத்த நாக்ஸ் கம்பெனி ஆற்றுக்கு அடியில் அளவுமீறி வெட்டியதில் சஸ்குவெஹானா ஆறே உள்ளே புகுந்து 12 பேர் மாண்டார்கள். அங்கே குத்தகைக்குப் போனது நிலக்கரி. எடுத்தவரை லாபம், நிலத்துக்கு யாரும் பொறுப்பில்லை. நான் சொல்லும் முறையில் வெட்டும் நிறுவனம் மாறாது, மேல்நிலம் மட்டுமே குத்தகை, அதைத் திருப்பித் தருவது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை.

மூடிய நிலத்தில் விளையுமா என்பது அடுத்த கேள்வி. உடனே விளையாது, மண் அமுங்கவே ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியின் ரைன் பகுதியில், நெய்வேலியில் ஓடுவது போன்ற பக்கெட் வீல் இயந்திரங்களே வெட்டிய நிலத்தில், முதலில் குதிரைமசால் விதைத்து, ஏழு ஆண்டுகள் நிறுவனமே பயிர் செய்து பார்த்துவிட்டுத்தான் உழவர்களிடம் கொடுக்கிறார்கள். நெய்வேலியிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு மூடிய மண்ணில் நெல் விளைவித்திருக்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் பள்ளத்தையும், மின்நிலையம் நிற்கும் இடத்தையும் திருப்பித் தர முடியாது. அவற்றை விலைக்கு வாங்கத்தான் வேண்டும். வரப்பும் அழிந்துவிடும். ஆனால் புதிதாக அளந்து, கொடுத்த பரப்புக்கு ஏற்பப் பங்கிடுவது வருவாய்த் துறைக்குத் தெரியாததல்ல. ஆண்டு வாடகையால் மின்கட்டணம் உயரும் என்ற கவலைக்கு 2023 ஜூலையே பதில். அப்போது வளையமாதேவி கிராமத்தில் கதிர் வந்த நெல் வயலில் பரவனாற்றுக்குப் புதிய கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. எப்போதோ வாங்கி, வருடக்கணக்கில் உழவர் கையிலேயே விட்டிருந்த நிலம் அது. காவல், வழக்கு, இழப்பீடு, நின்றுபோன வேலை நாட்கள் என்று அதற்கான செலவும் கடைசியில் நிலக்கரியின் விலையில்தான் ஏறுகிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 104ஆம் பிரிவு, இயன்ற இடங்களில் வாங்குவதற்குப் பதில் குத்தகைக்கு எடுக்க அரசுக்கு வழி விட்டிருக்கிறது. புவனகிரி, சிதம்பரம் பக்கம் நிலம் எடுக்கும் அடுத்த அறிவிப்பு வரும்போது, விலையையும் வீட்டுக்கு ஒரு வேலையையும் கேட்கும் அதே மனுவில் அந்தப் பிரிவையும் எழுதிக் கேளுங்கள்.