சோபே நதியும் நம் கழுவெளியும்

மகளோடு ஆப்பிரிக்கா போய் வந்ததிலிருந்து, "சஃபாரி எப்படி இருந்தது சார்?" என்று கேட்காத நண்பர் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. போட்ஸ்வானாவில் மழை ஓய்ந்த மாதங்களில் காட்டுக் குட்டைகள் வற்றிவிடும். யானைகள் கூட்டம் கூட்டமாகச் சோபே நதிக்கு இறங்கும். தும்பிக்கையை மேலே நீட்டிக்கொண்டு நீந்திப் போய், நடுவிலுள்ள செடுடு தீவில் புல் மேயும். அந்தத் தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. நம் ஊர்க்காரனுக்குக் கச்சத்தீவு ஞாபகம் வராமல் இருக்குமா?

ஒன்று மட்டும் உறுத்தியது. படகில் இருந்த அத்தனை பேரும் என்னைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்த ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

போன பிப்ரவரியில் மரக்காணம் போனேன். "உப்பளத்தில் என்ன சஃபாரி?" என்று வீட்டில் சிரித்தார்கள். உப்புப் பாத்திகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கிறது கழுவெளி. மழைநீர் ஒரு பக்கம், எடையன்திட்டு கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீர் ஒரு பக்கம் என்று இரண்டும் கலக்கும் உவர்நீர் ஏரி. மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் ஆழமாக இருக்கும். தை, மாசியில் நீர் இறங்கிச் சேறு தெரியும்போதுதான் நெட்டைக்கால் பறவைகள் வந்து இறங்கும். தண்ணீர் குறையக் குறையக் கூட்டம் சேர்வதில் சோபேயும் இதுவும் ஒன்றுதான்.

கூழைக்கடாக்கள், பவளக்கால் உள்ளான்கள், தூரத்தில் ரோஜா நிறக் கோடு போலப் பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே தொடையளவு நீரில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். கரையில் நான் கேமராவைத் தூக்கியதும் பறவைகள் விலகின. அவரைக் கண்டு விலகவில்லை.

கரையேறியவரிடம், "தம்பி, உங்களைக் கண்டு பயப்படலையே?" என்றேன்.

"தெனம் பாக்குதுங்கய்யா. நாங்க பாட்டுக்கு மீன் புடிக்கிறோம், அது பாட்டுக்கு மேயுது. இப்ப சரணாலயம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு எங்களை எறங்கக் கூடாதுன்னுட்டா என்னா பண்றது?"

2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அவசியமான காரியம். ஓரங்களை உழுது வயலாக்குவதும் இறால் குட்டை வெட்டுவதுமாக ஏரியைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஏரியை விழுங்குகிறவரையும் அதில் வலை வீசுகிறவரையும் ஒரே கணக்கில் எழுதலாமா? ராம்சார் ஒப்பந்தமே ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறதே தவிர, ஆளை விரட்டச் சொல்லவில்லை.

போகிறவர்கள் விடிவதற்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் உப்பளத்து வெண்மை கண்ணைக் கூசும். பறவைகள் எழும்புவதைப் படமெடுக்கக் கைதட்டாதீர்கள். அன்று காரில் வந்த ஒரு கும்பல் அதைத்தான் செய்தது. பூநாரைகள் எழும்பிப் போனவை, நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.