9 வோல்ட்

நேற்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவின் வீட்டு டீவியிலிருந்து "சே...கா" என்று அந்தப் பாட்டுக் குரல் வந்தது. பின்னாலேயே சோனிக் எட்டிப் பார்த்து விரலை ஆட்டியது. என் மகன் கைதட்டினான். உம்மா குசினி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டா. 27 வருடங்களுக்குப் பிறகு அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கிறது.

இதை எழுதலாமா என்று நானாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு வாப்பா சவூதியிலிருந்து லீவில் வந்தபோது ஒரு சேகா மெகா டிரைவ் கொண்டுவந்தார். புதியது இல்லை. அவர் டிரைவராக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிளேஸ்டேஷன் வந்துவிட்டதால் பழையதைக் குறைந்த விலைக்கு வாப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டி, மேலே வட்டமாக ஒரு வளையம், அதில் தங்க நிறத்தில் 16 பிட் என்ற எழுத்து. ஹெட்போன் போடும் ஓட்டையும் சத்தம் கூட்டிக் குறைக்கும் இழுவையும் முன்னாலேயே இருக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒன்று அப்போது வேறு யாரிடமும் இருக்கவில்லை.

அது நானாவின் சாமான். எனக்கு எட்டு வயது, நானாவுக்குப் பதின்மூன்று. நானாவும் அவருடைய கூட்டாளிமாரும் விளையாடுவார்கள். நான் கதவு மறைவில் நின்று பார்ப்பேன். "நீ அமத்தினா பட்டன் உடைஞ்சிரும்" என்பார் நானா. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன கேம் என்று உம்மாவும் சொல்லுவா. இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்தக் கொன்ட்ரோலர் என் கைக்கு வரவில்லை.

சவூதியில் அந்த நாளில் வீடுகளுக்கு வந்த கரண்ட் பெரும்பாலும் 127 வோல்ட். இங்கே 230. அதனால் வாப்பா பாரமான ஒரு இரும்புப் பெட்டியையும் கூடக் கொண்டுவந்திருந்தார். அதை நாங்கள் 'ஸ்டெப் டவுன்' என்போம். சுவரில் ஸ்டெப் டவுன், அதில் கேமின் அடாப்டர், பிறகுதான் கேம். இந்த ஒழுங்கை வாப்பா நானாவுக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் தொடப்போவதில்லை அல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவும் நானாவும் ஜும்ஆவுக்குப் போனார்கள். உம்மா குசினியில். வாப்பா கொண்டுவந்த பிளெண்டரும் 127 வோல்டுக்கு உரியதுதான், ஆகவே ஸ்டெப் டவுனை உம்மா எடுத்துப் போயிருந்தா. நான் அடாப்டரை எடுத்து, மல்டி பிளக்கில் அதன் தட்டையான இரண்டு கால்களையும் சொருகி, சுவரில் ஸ்விட்ச்சைப் போட்டேன். கேமின் சிவப்பு லைட் எரிந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அடாப்டர் 'ம்ம்ம்' என்று உறுமியது. பிறகு ஒரு மணம் வந்தது. வார்னிஷ் கருகிய மாதிரி ஒரு மணம், இன்றைக்கும் ஆய்வுகூடத்தில் எங்காவது அது வந்தால் எனக்கு வயிறு புரளும். லைட் அணைந்தது. பிளக்கைப் பிடுங்கி முன்பு கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போய் உம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

நானாதான் பின்னேரம் கண்டுபிடித்தார். வாப்பா அடாப்டரைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். "நேரா சொருகியிருக்கிறாய்" என்றார். நானா ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. வாப்பா எங்களை அடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அடித்தார். "கரண்ட் சாமான்ல இனி உன்ட கை படப்படாது" என்றும் சொன்னார்.

பசாரில் ரேடியோ திருத்தும் ஒருவரிடம் கேமைக் கொண்டுபோனார்கள். அவர் தன்னிடமிருந்த 9 வோல்ட் அடாப்டர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். லைட் வரவில்லை. உள்ளேயும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். வாப்பா அதைச் சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். அடாப்டரையும் கூடவே வைத்தார். வெளிநாட்டுச் சாமான் எதையும் எங்கள் வீட்டில் எறிவதில்லை.

போன மாதம் என் மகன்தான் அதை இறக்கினான்.

நான் தரம் 11 பிள்ளைகளுக்கு நிலைமாற்றி படிப்பிக்கிற ஆள். கலாசாலையில் படித்த காலத்திலும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்கு வரும்போதும் இந்த அடாப்டர் என் தலைக்குள் வரும். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கத் துணியவில்லை. இந்தத் தடவை பாடசாலைப் பல்மானியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடாப்டரின் இரண்டு கால்களுக்கிடையே தடையை அளந்தேன். சுருள் அறுந்து கிடந்தது. ஒட்டியிருந்த லேபலில் உள்ளே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், வெளியே நேரோட்டம் 9 வோல்ட், 1.2 அம்பியர் என்று தெளிவாக இருந்தது.

அன்று என்ன நடந்தது என்பது இப்போது எனக்குக் கணக்காகவே தெரியும். 230 வோல்ட் என்பது 120இன் இரண்டு மடங்குக்குக் கிட்ட. போதாததற்கு இங்கே மீடிறன் 60 அல்ல, 50. மீடிறன் குறைந்தால் இரும்பு அகணியில் காந்தப் பாயம் இன்னும் கூடும். இரண்டையும் சேர்த்தால் அந்தச் சின்ன இரும்பு தாங்கவேண்டியதைவிட 2.3 மடங்கு. இரும்பு நிரம்பி வழிந்த பிறகு சுருள் கரண்டை எதிர்த்து நிற்காது, வெறும் கம்பி போல ஆகிவிடும். கம்பியின் மேல்பூச்சு கருகியதுதான் அந்த மணம்.

கேம் செத்திருக்க வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. திறந்து பார்த்தேன். சாதாரண நட்சத்திரத் தலை ஸ்குரூதான். உள்ளே அலுமினியத் தகட்டில் பூட்டிய 7805 இரண்டு இருந்தன. எவ்வளவு வந்தாலும் 5 வோல்டாக்கி உள்ளே அனுப்புகிற மூன்று கால் துண்டு அது. 35 வோல்ட் வரை தாங்கும். ஒரு நிமிடம் இரட்டிப்பாக வந்ததை அதனால் சமாளித்திருக்க முடியும். கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு கொள்ளளவியின் தலை மட்டும் வீங்கியிருந்தது. அதை மாற்றினேன்.

அடாப்டர் வாங்கப் போன கடையில் பொடியன் ரௌட்டருக்குப் போடுகிற 9 வோல்ட் 2 அம்பியர் ஒன்றை எடுத்துத் தந்தான். 950 ரூபா. "அம்பியர் கூடினா கேம் எரிஞ்சிராதா டீச்சர்?" என்று கேட்டான், என் பழைய மாணவன்தான். பரீட்சைக்கு எழுதியதை மறந்துவிட்டான் போல. வோல்ட்தான் தள்ளுவது, அம்பியர் என்பது சாமான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது. கூட இருந்தால் நட்டமில்லை, குறைந்தால்தான் அடாப்டர் சுடும்.

ஆனால் அந்த லேபலில் இன்னொன்று இருந்தது. ஒரு சின்ன வட்டப் படம், நடுப்புள்ளியில் கழித்தல் அடையாளம். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற அடாப்டர்களில் அநேகமாக நடுவில் சக, வெளியே சய. இந்த முதல் மொடல் மெகா டிரைவுக்கு அது நேர் எதிர். இதே கம்பனி பிறகு செய்த இரண்டாவது மொடலில் திருப்பிவிட்டார்கள். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கிற பெட்டிகளுக்கும் இப்படி நடுவில் சயதான். பசார்க்காரர் அன்று கொடுத்துப் பார்த்த அடாப்டர் நடுவில் சக உள்ளதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எதிராகக் கொடுத்தும் உள்ளே ஒன்றும் போகாமல் தப்பியது அல்லாஹ்வின் கருணை.

வயரை நடுவில் வெட்டினேன். இரண்டு கம்பிகளையும் மாற்றி முறுக்கி, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் கறுப்புக் குழாயைப் போட்டேன். பல்மானியின் சிவப்பு ஊசியைப் பிளக்கின் நடுவிலும் கறுப்பு ஊசியை வெளியிலும் வைத்தேன். கழித்தல் 9.1 காட்டியது. மூன்று தரம் அளந்தேன். கேமின் வயரை டீவியின் அன்டெனா ஓட்டையில் சொருகி மகன் சனல் தேடினான். ஸ்விட்ச்சைப் போடச் சொன்னால் எனக்குக் கை வரவில்லை, அவன்தான் போட்டான்.

இரவு கட்டாருக்கு நானாவை அழைத்தேன். வீடியோவில் கேமைக் காட்டினேன். சிரித்தார், லெபரிந்த் ஸோன் வந்தால் சொல்லு, தண்ணிக்குள்ள மூச்சுமுட்டிச் செத்தே எனக்கு அலுத்துப்போச்சு என்றார். அப்போது சொன்னேன். அன்றைக்கு அதை எரித்தது நான்தான் என்று.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நானாவுக்கு இது தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்காமல் அடியை வாங்கிக்கொண்டார் என்று நானே எனக்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. வாப்பா 2011இல் மௌத்தாகும் வரை சொல்லாமல் இருந்ததற்கும் அதுதான் சாக்கு.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்டெப் டவுன் அப்ப எங்க இருந்தது?" என்று கேட்டார்.

"உம்மா பிளெண்டருக்கு எடுத்திருந்தா."

"வியாழன் ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் நித்திரைத் தூக்கத்துல இருட்டுக்குள்ள நேரா சொருகிட்டுப் படுத்திருக்கிறேன் எண்டுதான் நான் நினைச்சேன்."

"இல்ல நானா."

"நான் சொருகல்லயா?"

"இல்ல."

டியூட்டிக்குப் போகவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அங்கே ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டிய பொடியன் அவர். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு பல்ப்கூட மாற்ற மாட்டார். உயர்தரத்தில் வர்த்தகம் எடுத்தார். விஞ்ஞானம் நான் எடுத்தேன்.

இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. ஸ்டெப் டவுன் குசினியில் இருந்தது உம்மாவுக்குத் தெரியும்தானே என்பதும் அப்போதுதான் உறைத்தது. உம்மாவிடம் நான் கேட்கவில்லை.

ஸுபஹுக்குப் பிறகு போனைப் பார்த்தால் நானாவின் வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. பதினைந்து செக்கன்.

"தங்கச்சி, அந்தப் பழைய அடாப்டரை எறிஞ்சிராத. டிசம்பர்ல வாறேன். அத நான் பிரிச்சுப் பார்க்கணும்."