பைகளுக்குக் காவல் இருந்த அக்கா

"விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று நான் பணியாற்றும் கிராமங்களில் பெண்களைக் கேட்டால், கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்தவீடு என்றுதான் பதில் வரும். என் நிலையும் அதுவேதான். சமூகப் பணியாளராகச் சேர்ந்த நாள் முதல் ஊர் பார்ப்பதற்கென்று நான் லீவு போட்டதில்லை. 2023 ஏப்ரலில், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வசிக்கும் அக்காவின் அழைப்புக் கடிதத்தைக் காட்டி விசா பெற்றபோதுகூட, அவளுடைய வீட்டில் இருந்து கதைத்துவிட்டு வரலாம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

ஆனால் அக்காவின் பிள்ளைகள் வேறு திட்டம் போட்டிருந்தார்கள். பாடசாலை விடுமுறை. உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அத்தானுக்கும் நான்கு நாள் லீவு. "சித்தி, காரிலை போய்ப் பனியிலை சறுக்குவம். திரும்பி வரேக்கை மலைச் சைக்கிள் ஓடுவம்" என்றாள் பதினாறு வயது மருமகள். ஒரே பயணத்தில் இரண்டுமா என்று எனக்கு வியப்பு. ஏப்ரலில் அது இயலும் என்று அத்தான் விளக்கினார். வலே மாநிலத்தில் மலையின் மேற்பகுதியில் இன்னும் குளிர்காலம். கீழே ரோன் நதிப் பள்ளத்தாக்கில் அப்ரிகொட் மரங்கள் பூக்கும் காலம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை.

கூரையில் பனிச்சறுக்குப் பலகைகள், பின்னால் இரண்டு சைக்கிள்கள், உள்ளே நாங்கள் ஐந்து பேர், புட்டுப் பார்சல், இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல்கள். தூண் ஏரிக்கரையால் போய்க் கண்டர்ஷ்டேக் என்ற இடத்தில் காரோடு ரயிலில் ஏறினோம். மலையைக் குடைந்து 1913இல் திறக்கப்பட்ட லொட்ஷ்பெர்க் சுரங்கப் பாதை அது. 14.6 கிலோமீற்றர் நீளம். காரை விட்டு இறங்காமலே கும்மிருட்டில் கால் மணித்தியாலம் போக வேண்டும். அவ்வளவு நேரமும் அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். "இருட்டிலை பயணம் எண்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் சொன்னாள்.

சேர்மாட் ஊருக்குள் பெற்றோல், டீசல் கார்கள் போக முடியாது. முன்னால் உள்ள டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு அங்கேயே சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. அந்தக் குட்டிக் குசினியில் அக்கா பொங்கினாள். அத்தான் எல்லோருக்கும் ஐந்து பிராங்க் குற்றியொன்று கைவிசேஷம் தந்தார். பிறகு ரயிலில் சேர்மாட்டுக்குப் போய், மலைக்குள்ளே ஏறும் இழுவை ரயிலில் சுன்னெகா என்ற இடத்துக்கு ஏறினோம். உயரம் 2,288 மீற்றர். நமது பீதுருதலாகலையைவிடச் சற்றுத்தான் குறைவு. எதிரே, மேகம் விலகும்போதெல்லாம் மற்றர்ஹோர்ன் சிகரம் தெரிந்தது.

பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். அக்கா உணவகத்தின் ஓரத்தில் ஒரு வாங்கைத் தேடி, எல்லோருடைய பைகளையும் வரிசையாக அடுக்கி, நடுவில் அமர்ந்துகொண்டாள்.

"நீ வரேல்லையோ?"

"நான் எப்பவும் பை காக்கிறனான். அதுதான் என்ரை வேலை."

சுவிசுக்கு வந்தது 1998இல். பிள்ளைகள் பிறந்த பின்னர் எத்தனையோ தடவை பனிமலைக்கு வந்திருக்கிறாள். ஒருநாளாவது அந்தப் பலகையைக் காலில் பூட்டியதில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எங்கள் மகளிர் சங்கங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போதும் இதே காட்சிதான். பிள்ளைகள் தண்ணீரில், ஆண்கள் தண்ணீரில். தாய்மார் மட்டும் செருப்புகளுக்கும் உடுப்புகளுக்கும் காவல்.

அன்று மருமகள்தான் எனக்கு ஆசிரியை. சறுக்குச் சப்பாத்து பாறை போல விறைப்பானது, கணுக்கால் அசையாது. முதல் பாடம் ஓடுவதல்ல, நிற்பது. இரு பலகைகளின் நுனிகளையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். சின்னப் பிள்ளைகளுக்கு அதை 'பீட்சாத் துண்டு' என்று சொல்லிக் கொடுப்பார்களாம். இரண்டாம் பாடம் விழுவது. பக்கவாட்டில், உடம்பைத் தளர்த்தி விழ வேண்டும். பலமாக விழுந்தால் பூட்டுத் தானே கழன்று காலைக் காப்பாற்றும். நான் இரண்டாம் பாடத்தில்தான் சிறந்து விளங்கினேன். எத்தனை தரம் விழுந்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வாங்கிலிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்டது.

களைத்துப் போய் அவளருகில் அமர்ந்தபோது, எதிரே தெரிந்த சிகரத்தைப் பற்றி அத்தான் சொன்னார். அதில் மனிதர் முதலில் ஏறியது 1865இல். ஆறே ஆண்டுகளில், 1871இல், லூசி வோக்கர் என்ற ஆங்கிலப் பெண் ஏறிவிட்டார். கேட்டதும் எனக்கு வேறோர் ஆண்டு நினைவுக்கு வந்தது. தேசியத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையைச் சுவிஸ் பெண்கள் பெற்றது 1971இல்தான். இலங்கைப் பெண்கள் 1931இலேயே பெற்றுவிட்டார்கள். ஒரு பெண் அந்தச் சிகரத்தைத் தொட்டு நூறு ஆண்டுகள் சென்றுதான், அதன் அடிவாரத்துப் பெண்களுக்கு வாக்குச் சீட்டுக் கிடைத்தது. 'பெண்ணால் முடியுமா' என்பதும் 'பெண்ணை விடுவார்களா' என்பதும் வேறு வேறு கேள்விகள்.

அன்றிரவு எல்லோரும் படுத்த பின்னர், "நாளைக்குச் சைக்கிளாவது ஓடன் அக்கா. எனக்கு ஓடப் பழக்கினதே நீதானே" என்றேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

"சைக்கிள் எண்டால் எனக்கு அந்த ரா தான் பிள்ளை."

எந்த இரவு என்று நான் கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. எனக்கு ஏழு வயது, அவளுக்கு இருபது. அப்பா இல்லை. அம்மாவின் தலையில் ஒரு மூட்டை. அக்காவின் சைக்கிள் கைபிடியில் அரிசிப் பை, நடுவில் துணிப் பொட்டலம், கரியரில் நான். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மழையும் சனமும். ஏறி ஓட இடமில்லை, விடியும்வரை உருட்டினாள். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

"நீ நித்திரையாப் போனாய். விழுந்திடுவாய் எண்டு ஒரு கையாலை உன்னைப் பிடிச்சன், மற்றக் கையாலை உருட்டினன். பிறகு அந்தச் சைக்கிளை வித்துத்தான் அரிசி வாங்கினனாங்கள். அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் தொடேல்லை."

இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் அறியாத ஒன்று. மற்றப் பெண்களின் இடப்பெயர்வுக் கதைகளையெல்லாம் படிவங்களில் எழுதியவள் நான். என் அக்காவை ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் நாங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். குளிர் அங்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ரோன் நதிக்கரையில் ஃபீன் காடு என்ற பைன் மரக் காடு இருக்கிறது. அங்கே கல்லும் மணலுமான பாதையில் சைக்கிள்களை இறக்கினோம். அகன்ற ரயர்கள், முன்சில்லில் அதிர்வைத் தாங்கும் சுருள், ஏற்றத்துக்கென்று இலேசான கியர்கள். இறக்கத்தில் சீற்றில் இருக்காமல் மிதிகளில் எழுந்து, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்று மருமகன் காட்டினான். மருமகளோ ஜொலண்டா நெவ்வின் கதையைச் சொன்னாள். 2019 டிசம்பரில் பயிற்சியில் மோசமாக விழுந்து மண்ணீரல் கிழிந்த சுவிஸ் வீராங்கனை அவர். 2021இல் ரோக்கியோ ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டியில் தங்கம் வென்றார். அன்று பெண்கள் போட்டியில் மூன்று பதக்கங்களையும் சுவிஸ் பெண்களே எடுத்தார்கள்.

அக்கா வழமை போலப் பைகளை அடுக்கத் தொடங்கினாள். அப்போது அத்தான் வந்து பைகளின் நடுவில் அமர்ந்தார்.

"இஞ்சரும், இண்டைக்கு நான் பாக்கிறன். நீர் போம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். மருமகன் தன் சைக்கிளின் சீற்றைப் பதித்துக் கொடுத்தான். தலைக்கவசத்தை மருமகள் பூட்டினாள். அக்கா கைபிடியைப் பிடித்தபடி சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதிலை கரியர் இல்லையே!"

"மலைச் சைக்கிளுக்குக் கரியர் பூட்டுறேல்லை அம்மா. ஒண்டும் ஏத்துறேல்லை. ஆள் மட்டும்தான்."

அக்கா ஏறினாள். இரண்டு தரம் கால் ஊன்றினாள். மூன்றாம் தரம் சைக்கிள் நேராகப் போயிற்று. நாற்பத்தெட்டு வயது உடம்பு இருபது வயதில் விட்டதை மறக்கவில்லை. ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, மரங்களுக்குள் மறைந்துவிட்டாள். மற்றச் சைக்கிளில் பின்னால் போன நான் மூச்சிரைத்துப் போய்ச் சேர்ந்தபோது, ஆற்றங்கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். பிறகு, "வா, திரும்பிப் போட்டிக்கு ஓடுவம்" என்றாள். அவள்தான் வென்றாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட நூல்வழியே, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் 'இரண்டாவது வேலைநேரம்' பற்றி அறிந்தேன். விடுமுறையிலும் அந்த வேலைநேரம் முடிவதில்லை என்பதை அக்காவின் வாங்கில்தான் கண்டேன். சுவிஸ் பயணச் செலவைச் சொல்லி யாரையும் ஏங்க வைக்க நான் இதை எழுதவில்லை. பனிமலை நமக்குத் தேவையில்லை. அந்தப் பனிகூட நிலையானதல்ல: 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் பத்திலொரு பங்கை இழந்துவிட்டன. நமக்குத் தேவை அரை மணித்தியாலமும், "நான் பாக்கிறன், நீர் போம்" என்று சொல்ல ஒருவரும்தான்.

ஊர் திரும்பிய பின், வீட்டுத் தரிசிப்புகளின்போது வருமானம், கடன், நோய் ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியும் கேட்கத் தொடங்கினேன். "கடைசியாக எப்போது விளையாடினீர்கள்?" பலர் சிரிக்கிறார்கள். சிலர் யோசிக்கிறார்கள். "பள்ளிக்கூடத்திலை கிளித்தட்டு" என்று ஒரு தாய் சொன்னார். பேரப்பிள்ளைகள் கண்டவர் அவர். அடுத்த கூட்டம் முடிந்ததும் கோயில் வெளியில் கோடு கீறினோம்.

சகோதரிகளே, அடுத்த முறை குடும்பத்தோடு எங்காவது போனால், பைகளைக் கொஞ்ச நேரம் வேறு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். அவை எங்கும் ஓடிப்போகாது.