கறுப்புத் தொட்டியின் கணக்கு

அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் ஊரில் கோடையில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். குளிர்காலம் வந்தால் வடக்கின் பனிக்குத் தப்பிய முதியவர்கள் வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். இப்படி மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கென்றே அமெரிக்க நில நிர்வாகத் துறை 1983-இல் சில இடங்களை ஒதுக்கியது. ஊருக்குத் தெற்கே 11,400 ஏக்கரில் விரிந்திருக்கும் லா போசா அவற்றில் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரமோ, தண்ணீர்க் குழாயோ, சாக்கடையோ கிடையாது.

ஆகவே ஒரே இடத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதை வண்டியின் அடியில் இருக்கும் தொட்டிகள்தான் முடிவு செய்கின்றன. நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று. அதைச் சாம்பல் தொட்டி என்பார்கள். கழிப்பறைக்குக் கறுப்புத் தொட்டி. அது நிரம்பினால் கூடாரம், நாற்காலி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கழிவு கொட்டும் நிலையத்துக்குப் போக வேண்டும். நிரம்பியதா என்று சொல்ல உள்ளே ஒரு விளக்குப் பலகை உண்டு. அது சொல்வதை இங்கே அனேகமாக யாரும் நம்புவதில்லை.

ஜனவரியில், வண்டி வண்டியாகப் போய்ப் பழுது பார்க்கும் ஒரு டெக்னீஷியனோடு சேர்ந்துகொண்டேன். பள்ளிப் பேருந்துகளில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போனது கணவரை இழந்து தனியாகப் பயணிக்கும் ஒரு மூதாட்டியின் வண்டிக்கு. காலையில்தான் கறுப்புத் தொட்டியைக் காலிசெய்து வந்திருந்தார். பொத்தானை அழுத்தினால் "முழுது" என்று எரிந்தது.

அந்தச் சென்சாரைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். தொட்டியின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் துளையிட்டு, ரப்பர் உறையோடு துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களைச் செருகியிருக்கிறார்கள். கழிவுநீர் மின்சாரத்தைக் கடத்தும். நீர் எந்த ஸ்க்ரூவைத் தொடுகிறதோ அதன் வழியே சிறு மின்னோட்டம் போய், அதற்குரிய விளக்கு எரியும். காகிதக் கூழும் மலமும் உப்பும் சுவரில் ஈரப் படலமாக ஒட்டிக்கொண்டால், நீர் வடிந்த பிறகும் அந்தப் படலமே மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். தொட்டி காலி, விளக்கில் முழுது.

பாலைவனத்தில் இது இன்னும் மோசம். தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று எல்லோரும் கழிப்பறையில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நீர் குறைந்தால் கழிவு கெட்டிப்பட்டுச் சுவரில் அப்புகிறது. சிக்கனமாக இருப்பவர்களிடம்தான் விளக்கு அதிகம் பொய் சொல்கிறது. மிச்சம் பிடித்த நாட்களும் அந்தப் பொய்யால் வீணாகின்றன.

டெக்னீஷியன் முதலில் கேட்டது, ஊறவைத்துப் பார்த்தீர்களா என்றுதான். தொட்டி நிறையத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி, ஓரிரவு விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் கொட்டினால் பல வண்டிகள் தேறிவிடுமாம். மூதாட்டி அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டார்.

பிறகு டெக்னீஷியன் கண்ணாடியும் கையுறையும் மாட்டி, சரளைக் கல்லில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். அடிவயிற்றை மூடியிருந்த நெளி பிளாஸ்டிக் தகட்டை மூன்று பக்கம் வெட்டிக் கதவு போலத் திறந்தார். மேல் ஸ்க்ரூவின் வயரைக் கழற்றிவிட்டு, "இப்போது அழுத்துங்கள், அம்மா!" என்று குரல் கொடுத்தார்.

"மூன்றில் இரண்டு!"

அடுத்ததைக் கழற்றினார். "மூன்றில் ஒன்று!" அதையும் கழற்றியதும், "காலி!" என்றார் மூதாட்டி, வியப்போடு.

அந்த மூன்று குரல்களில் வேலையின் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. வயரிலும் பலகையிலும் குற்றமில்லை. அழுக்கு ஸ்க்ரூவின் உள்பக்கம். வயரைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்திருந்தால் வழியில் எங்கோ வயர் உரசியிருக்கலாம், அல்லது பலகையே பழுதாகியிருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதுப் பலகை வாங்கி மாட்டி ஏமாந்தவர்களைப் பற்றி அவர் வருத்தத்தோடு சொன்னார். அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன். "நான் பார்ப்பது மின்வேலை. அது எந்த நீரில் நடக்கிறது என்பது இரண்டாவது" என்றார்.

குற்றம் வண்டி கட்டுபவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன். பெரும் விலைக்கு விற்கும் வண்டியில், கழிவுக்குள் ஒரு ஸ்க்ரூவை நிற்கவைத்து அது என்றும் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாற்று வழி இருக்கிறது. அன்று அவர் ஒட்டியதே அதுதான்: தொட்டியின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளக்கூடிய ஒரு மின்சுற்றுப் பட்டை. கழிவைத் தொடாமல், பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே இருந்தபடியே உள்ளே நீர் எதுவரை நிற்கிறது என்று உணரும். சுவரை ஆல்கஹாலால் துடைத்து, பழைய ஸ்க்ரூக்களிலிருந்து தள்ளி ஒட்டினார். ஸ்க்ரூக்களைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் அந்தத் துளைகள் ஒழுகும்.

சாம்பல் தொட்டிக்கும் ஒன்று ஒட்டச் சொன்னார் மூதாட்டி. டெக்னீஷியன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுத்தார். அந்தப் பக்கம் இரும்புச் சட்டம் தொட்டியை உரசிக்கொண்டு நிற்கிறது. அருகில் இரும்பு இருந்தால் பட்டையின் கணக்கு தப்பும். தொட்டியின் மறுபக்கத்தை எட்ட வேண்டுமானால் இன்னொரு தகட்டையும் திறக்க வேண்டும். அதை நாளை பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் அந்தத் தொட்டியிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, வெட்டிய தகட்டை அகல டேப்பால் ஒட்டத் தொடங்கினார்.